புளியும் பொன்பூச்சும்

மேஜைக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வேலை சொல்வார்கள். ஓட வைத்துத் தர வேண்டும். பழசு தெரியாமல் பளபளவென்று ஆக்கித் தர வேண்டும். முதல் வேலைக்கு அங்கேயே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். இரண்டாவதற்கு மட்டும் அவர்களை உட்காரவைத்துப் பேசுவேன். தேய்ந்துபோன துளைக்குப் பித்தளை வளையம் வைத்துப் புஷ் அடிக்கலாம். உடைந்த பல்லுக்கு வேறு பல் வைக்கலாம். அறுந்த ஸ்பிரிங்கை மாற்றலாம். நான் செய்தது சரியில்லை என்றால் என்னைவிடக் கைதேர்ந்த ஒருவர் நாளைக்கு அதைப் பிரித்துத் திருத்திக்கொள்ளலாம். மேல்பூச்சுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நெருப்புக்கு முன்னால் நின்று ஏற்றிய பொன்னை ஒரு மத்தியானத்தில் தேய்த்து எடுத்துவிடலாம். அதே பொன் திரும்பி வராது. இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி, எதைத் தொடக் கூடாது என்பதுதான்.

தொழில் பழகியது மதுரையில், கைக்கடிகாரமும் சுவர்க்கடிகாரமும் பார்க்கிற ஒரு சின்னக் கடையில். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். மேஜைக் கடிகாரம் வந்தால் பாய் அதன் முகத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பி வைத்துப் பின்கதவைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். "மூஞ்சியில இருக்கறது வித்தவன் பேரு. செஞ்சவன் பேரு முதுகுல இருக்கும்" என்பார். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி போன்ற பெயர்களை டயலில் பார்த்துவிட்டு, கடிகாரமே அங்கே பிறந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. உள்ளே மிஷின் பிரான்சிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்திருக்கும்.

பிறகு காரைக்குடிக்கு வந்தேன். வந்ததற்குக் காரணம் அந்த ஊர் வீடுகள்தான். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார், திரும்பும்போது தேக்கும் கண்ணாடியும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். அவற்றோடு கடிகாரங்களும் வந்தன. ஐரோப்பாவில் இந்த வகைக் கடிகாரத்துக்கென்று ஓர் இடம் உண்டு. குளிர்காயும் கணப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல்தட்டு. அதன் நடுவில் கடிகாரம், இரு புறமும் ஜோடியாக மெழுகுவத்தித் தண்டுகளோ ஜாடிகளோ. அறைக்குள் நுழைகிறவர் கண் முதலில் விழுகிற இடம் அது. அதனால்தான் அந்தக் கடிகாரங்கள் முன்பக்கம் அத்தனை அலங்காரமாகவும், பின்பக்கம் மொட்டையாகவும் இருக்கும். நேரம் பார்க்க மட்டும் என்றால் அத்தனை வெண்கலமும் கல்லும் தேவையே இல்லை. எங்கள் பக்கம் கணப்புக்கு வேலை கிடையாது. இங்கே அவை முகப்பில், பெல்ஜியம் கண்ணாடிக்குக் கீழே, தேக்கு மேஜையின் மேல் உட்கார்ந்தன. வீடு பங்கு பிரியும்போது கடிகாரம் ஒரு புள்ளிக்கும், அதாவது ஒரு குடும்பத்துக்கும், மெழுகுவத்தித் தண்டுகள் இன்னொரு புள்ளிக்கும் போய்விடும். மூன்றும் சேர்ந்து ஒரு செட் என்று யாருக்கும் நினைவிருக்காது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒற்றைத் தண்டுகள் தனியாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் கடிகாரம் எந்த ஊரில் இருக்கிறதோ என்று தோன்றும்.

பிரெஞ்சு மிஷினைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே எல்லாச் சக்கரமும் அடங்கியிருக்கும். சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் போகூரில் ஜாபி குடும்பம் இவற்றைத் தொழிற்சாலையில் வைத்துப் பெருமளவில் செய்தது. சாமுவேல் மார்ட்டி, வின்சென்டி போன்றவர்களும் செய்தார்கள். தகட்டில் வட்ட முத்திரை ஒன்று இருக்கும், கண்காட்சியில் வாங்கிய பதக்கத்தின் அடையாளம். வின்சென்டி முத்திரையில் 1855 என்று பார்த்தவுடன் கடிகாரம் அந்த வருஷத்தில் செய்தது என்று எழுதி விற்கிறார்கள். அது பதக்கம் வாங்கிய வருஷம். அதற்குப் பிறகு செய்த மிஷின்களிலும் அதே முத்திரைதான். காலத்தைத் தெரிந்துகொள்ள வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். ஊசல் பட்டுநூலில் தொங்கினால் 1850க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 12க்கு மேலே டயலில் சின்னத் துளையும் அதற்குள் சதுர முனையும் இருந்தால் அது 1840களில் அஷில் ப்ரோகோ கொண்டுவந்த தொங்கல் முறை. சாவியின் சின்ன முனையை அதில் போட்டுத் திருப்பினால், பின்கதவைத் திறக்காமலேயே ஊசலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சாவிக்கு ஏன் இரண்டு முனை என்று தெரியாமல் சின்ன முனையை அறுத்துப் போட்ட வீடுகளும் உண்டு.

அதே தகட்டின் அடியில் "5 3" என்பதைப்போல இரண்டு எண்கள் இடைவெளி விட்டு அடித்திருக்கும். பழைய பிரெஞ்சு அளவில் ஊசலின் நீளம் அது: 5 பூஸ், 3 லீன்ய். ஒரு பூஸ் 27.07 மில்லிமீட்டர், அதில் 12ல் ஒரு பங்கு லீன்ய். கணக்குப் போட்டால் சுமார் 142 மில்லிமீட்டர் வரும். ஊசல் தொலைந்த கடிகாரத்துக்கு வேறு ஊசல் செய்ய இந்த எண் போதும். அதோடு மிஷினின் தொடர் எண்ணையும் தகட்டில் போட்டு, அதே எண்ணை ஊசல் குண்டின் பின்புறத்திலும் அடித்திருப்பார்கள். இதை அறிந்த நாளிலிருந்து நான் பழம்பொருள் கடைகளில் பூட்டு, கொக்கி, தாழ்ப்பாள் கொட்டிவைத்திருக்கும் பெட்டிகளைக் கிளறாமல் வந்ததில்லை. ஒரு வீட்டில் கறுப்புக் கல் கடிகாரம் ஊசல் இல்லாமல் நின்றிருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு, பங்கு பிரிந்த மற்ற வீடுகளிலும் கேட்கச் சொன்னேன். சித்தப்பா வீட்டு இரும்புப் பெட்டிக்குள், சாவிக்கொத்தோடு கட்டிய நிலையில் கிடந்தது. எண் அப்படியே பொருந்தியது. இரண்டு வீட்டாரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அந்தக் குண்டைக் கொடுக்க வந்தவர் மிஷின் ஓடுவதைப் பார்க்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

பொன்பூச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய, உயர்ந்த பிரெஞ்சு வெண்கலக் கடிகாரங்களில் இருப்பது பாதரச முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய்ப் பதத்தில் ஒரு களிம்பு வரும். அதை வார்த்துச் செதுக்கிய வெண்கலத்தின் மேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போகும், தங்கம் உலோகத்தோடு பிணைந்துகொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் கை நடுங்கி, பல் உதிர்ந்து, முதுமை பார்க்காமலே செத்தார்கள். 1830 வாக்கில் பிரான்சில் அதற்குத் தடை வந்தது என்றாலும் சில பட்டறைகளில் தொடர்ந்து நடந்தது. இங்கிலாந்தில் எல்கிங்டன் 1840ல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மலிவான, ஆபத்துக் குறைந்த வழி பரவியது. மின்முலாம் மெல்லியது, ஒரே சீராக இருக்கும். பாதரச முலாம் கனத்தது, ஆழமான மஞ்சள். அதைவிட முக்கியம், அதில் இரண்டு விதமான பரப்பு இருக்கும். உருவத்தின் ஆடையும் அடிப்பீடத்தின் தளமும் மங்கலாக விட்டிருக்கும். விளிம்புகள், வாள், இறகு நுனி இவற்றை அகேட் கல்லால் அழுத்தித் தேய்த்து மினுக்கியிருப்பார்கள். மங்கலும் மினுக்கும் மாறிமாறி வருவதில்தான் அந்த உருவத்துக்கு உயிர். நெப்போலியன் காலத்து வெண்கல வேலையின் பெரிய பெயர் தோமீர். எங்கள் பக்கத்து வீடுகளில் அவர் வேலை எதையும் நான் கண்டதில்லை. ஆனால் அந்தப் பாணியைப் பின்பற்றிப் பிற்காலத்தில் செய்த நல்ல கடிகாரங்கள் வந்திருக்கின்றன. அவற்றிலும் இந்த மங்கல்–மினுக்கு வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இதன் மேல் புளியும் செங்கல் பொடியும் போட்டால் என்ன ஆகும்? புளியின் அமிலம் தங்கத்தை ஒன்றும் செய்யாது. செங்கல் பொடிதான் தங்கத்தை அறுக்கிறது. அறுந்த இடத்தின் வழியே புளி உள்ளே போய் வெண்கலத்தைப் பிடிக்கிறது. முதலில் மங்கலான பரப்பெல்லாம் மினுக்காகும். வீட்டார் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். பிறகு மூக்கு, முழங்கால், தோள் என்று மேடான இடங்களில் வெண்கலம் தெரியத் தொடங்கும். புட்டியில் விற்கிற பித்தளை பாலிஷும் இதையே வேகமாகச் செய்யும். போதாக்குறைக்குச் செதுக்கல் இடுக்குகளில் வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும்.

தேவகோட்டைப் பக்கத்து வீடு ஒன்று. சாந்தி கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து சாமான்களை எல்லாம் வெளியே எடுத்திருந்தார்கள். முகப்பு மேஜையில் ஒரு பிரெஞ்சுக் கடிகாரம். புத்தகம் படிக்கிற பெண் உருவம் சாய்ந்திருக்கும். ஆச்சி சொன்னார்: "எங்க ஐயா ரங்கோன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது தம்பி. கல்யாணங் காச்சின்னா நாந்தான் புளி போட்டு வெளக்குவேன். முந்தி இன்னும் மஞ்சளா இருந்த மாதிரி இருக்கு." அவர் கையால் அத்தனை வருஷம் பராமரித்த பொருள். அவரிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்வதில் நியாயமும் இல்லை. பித்தளை என்றால் புளி என்பது நம் வீடுகளின் பழக்கம். கடிகாரத்தைத் திருப்பி, பெண்ணின் ஆடை மடிப்புக்குள் விரல் போகாத இடத்தில் விளக்கைக் காட்டினேன். முலாம் போட்ட அன்றைய நிறம் அங்கே இருந்தது. "இதுதான் ஆச்சி அந்தப் பழைய மஞ்சள்" என்றேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப இனிமே துணியால தட்டினாப் போதுமா?" என்று மட்டும் கேட்டார். போதும் என்றேன். மிஷினைக் கழற்றி எடுத்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற வடிநீரில் காரமில்லாத சோப்பைக் கரைத்து, மெல்லிய தூரிகையால் இடுக்குகளில் இருந்த புளிச்சக்கையை எடுத்தேன். உடனே உலர்த்தினேன். வெண்கலம் தெரிந்த இடங்களை அப்படியே விட்டேன். அங்கே மறுபடி முலாம் ஏற்றினால் புதுப்பொன்னுக்கு நடுவே பழைய பொன் அழுக்காகத் தெரியும். பிறகு முழுவதும் ஏற்றச் சொல்வார்கள், மிஞ்சியிருக்கும் பழையதும் போகும்.

வெண்கலம் என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் நாகம். துத்தநாகத்தில் வார்த்து மேலே வெண்கல நிறமோ பொன் நிறமோ ஏற்றிய உருவங்கள். அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் லேசாகக் கீறினால் வெள்ளையாகத் தெரியும், வெண்கலமானால் மஞ்சள். தட்டினால் நாகத்துக்கு ஒலி இல்லை. இதைக் கேட்டவுடன் சிலர் முகம் வாடிவிடும், போலி வாங்கிவிட்டோம் என்று. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் அன்சோனியா கம்பெனி செய்த உருவக் கடிகாரங்கள் நாகம்தான். கவிஞர்கள், வீரர்கள், தூண்டில்காரர்கள் என்று மேலே உட்கார்ந்திருப்பார்கள். ஜப்பானிய வெண்கலம், சிரிய வெண்கலம் என்று நிறங்களுக்குப் பெயரே வைத்து விற்றார்கள். பணக்காரர் வீட்டுக் கணப்புக்கு மேலே மட்டும் இருந்த அழகை நடுத்தர வீட்டுக்குக் கொண்டுபோன வேலை அது. 1929ல் அந்தக் கம்பெனியின் இயந்திரங்களைச் சோவியத் அரசு வாங்கிக்கொண்டது; மாஸ்கோவின் கடிகாரத் தொழிலுக்கு அவையும் அடித்தளமாயின.

நாகத்தில் தவறினால் அடுத்த வாய்ப்பு கிடைக்காது. 419 டிகிரியில் உருகிவிடும். வெண்கலத்துக்குப் பற்றவைக்கிற தீயைக் காட்டினால் கை, கால் எல்லாம் ஒரு நொடியில் வழிந்து போகும். கை ஒடிந்த உருவம் வந்தால் உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி வைத்துப் பசையால்தான் சேர்ப்பேன். மேலே சிலைக்கு அடிக்கிற தங்க வர்ணத்தை அடித்துக் கொண்டுவருபவர்கள் ஏராளம். அதை எடுக்க ஒரே வழி பொறுமை: கரைப்பானில் நனைத்த பஞ்சை விரல் நுனி அளவு இடத்தில் வைத்து, வர்ணம் இளகியதும் நிறுத்த வேண்டும். ஒரு தடவை அதிகம் தேய்த்தால் அடியிலிருக்கும் அசல் நிறமும் பஞ்சோடு வரும்.

கறுப்புக் கல் கடிகாரத்தை எங்கள் பக்கம் கிரானைட் என்பார்கள். அது பெல்ஜியத்தில் வெட்டிய கறுப்புச் சுண்ணாம்புக் கல். கோவில் முகப்பைப்போன்ற வடிவம், பச்சைக் கல் பதித்த தூண்கள், ஒருவர் தூக்க முடியாத கனம். 1861ல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, துக்கத்தின் நிறமான கறுப்பு இங்கிலாந்தின் வீடுகளுக்குள் வந்தபோது இவை வெகுவாக விற்றன. சுண்ணாம்புக் கல் அமிலத்துக்கு ஆகாது. எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குக் கறுப்பாகும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். தேன்மெழுகில் விளக்குக்கரி கலந்து துணியில் தொட்டுத் தேய்ப்பேன். அதற்குமேல் எதுவும் வேண்டாம். அமெரிக்கர்கள் இதைப் பார்த்து மரத்திலேயே செய்தார்கள். சேத் தாமஸ் கம்பெனி 1880களில் மரப்பெட்டியின் மேல் செல்லுலாய்டைத் தகடாக ஒட்டி, பளிங்கைப்போலவும் கறுப்புக் கல்லைப்போலவும் காட்டியது. செல்லுலாய்டு தீப்பிடிக்கும், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் பட்டால் கரையும். அதனால் எந்தக் கறுப்புக் கடிகாரமானாலும் முதலில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். கல் சில்லிடும், மற்றது சில்லிடாது.

மரப்பெட்டிகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஷ்ராம்பெர்க் ஊரின் யுங்கன்ஸ், அதன் நட்சத்திர முத்திரை. அதே ஊரில் ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனி, அதன் குறுக்கு அம்புகள். யுங்கன்ஸ் யானை ஒன்றுண்டு. தூக்கிய துதிக்கையில் கடிகாரமே ஊசலாக ஆடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைப்போலப் பிடித்த கடிகாரம் வேறில்லை. மரப்பெட்டிகளில் மேலே ஒட்டிய மெல்லிய பலகை ஐப்பசி ஈரத்தில் எழும்பிவிடும். அந்தக் காலத்துத் தச்சர்கள் வச்சிரத்தில் ஒட்டினார்கள். நானும் வச்சிரத்தில்தான் ஒட்டுகிறேன். சூடும் ஈரமும் கொடுத்தால் அது இளகும், அடுத்து வருகிறவர் பிரிக்கலாம். வெள்ளைப் பசையில் ஒட்டியதைப் பிரிக்கும்போது மரமும் சேர்ந்து கிழிகிறது.

டயலும் முள்ளும் கடிகாரத்தின் மேனியைச் சேர்ந்தவைதான். வெள்ளை டயல் என்பது செம்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைத் தூவி உலையில் உருக்கிய எனாமல். மயிரிழை விரிசல் இருந்தால் இருக்கட்டும். வெள்ளை வர்ணத்தால் அடைத்தால் ஐந்து வருஷத்தில் அந்தக் கோடு மஞ்சளாகிப் பளிச்சென்று தெரியும். எண்களைச் சாராயம் தொட்ட பஞ்சால் துடைப்பதும் ஆபத்து. உலையில் சுட்ட எண் நிற்கும்; மேலே எழுதிய எண் பஞ்சில் வந்துவிடும். நீல முள்ளின் நீலம் வர்ணம் அல்ல. எஃகைச் சுமார் 300 டிகிரிக்குக் காய்ச்சும்போது மேலே படரும் மெல்லிய படலம் அது. துரு எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டால் படலம் போய் வெறும் எஃகு நிற்கும். முள்ளை மட்டும் மறுபடி நீலமாக்கலாம்: மழமழப்பாகத் தேய்த்து, பித்தளைத் தூள் பரப்பிய தட்டில் வைத்து அடியில் சூடு காட்ட வேண்டும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று ஓடி நீலம் வரும் அந்தக் கணத்தில் எடுக்க வேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலை அது.

சில பிரெஞ்சுக் கடிகாரங்களில் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தட்டுவிடும் பகுதியை டயலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ப்ரோகோவின் இன்னொரு வேலை. பல்சக்கரத்தைப் பிடித்துவிடும் இரண்டு முனைகளும் அரைவட்டச் சிவப்புக் கற்கள். மிஷினின் உறுப்பையே நகையாக்கி முன்னால் வைத்த வேலை அது. கற்கள் அரக்கில் ஒட்டியிருக்கும். மிஷினைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் கழுவுகிற பழக்கமுள்ளவர் இதை அப்படியே போட்டால் கற்கள் கழன்று பாத்திரத்தின் அடியில் கிடக்கும்.

மிஷினைப் பற்றி ஓரளவு சொன்னால் போதும். வீடுகளில் செய்வது தேங்காய் எண்ணெய் விடுவது. அது குளிரில் உறைந்து, வெயிலில் இளகி, தூசியோடு சேர்ந்து பச்சைக் கோந்தாகும். அந்தக் கோந்து அச்சுமுனையை அரத்தைப் போட்டதுபோல அறுக்கும். அதற்குப் பிரித்துக் கழுவிப் புஷ் அடிப்பதுதான் வைத்தியம். பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் விசையை முழுக்க இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் போகும். மணி தப்பாக அடிக்கிறது என்று பதறி வருபவர்களுக்குப் பெரும்பாலும் கைவேலை ஐந்து நிமிஷம். பழைய முறையில் பள்ளம் வெட்டிய ஒரு வட்டத் தகடு எத்தனை அடி என்பதைத் தீர்மானிக்கும். அரைமணிக்கு ஒன்று சேர்த்து 12 மணி நேரத்துக்கு 90 அடி, ஒரு நாளைக்கு 180. முள்ளை அவசரமாகச் சுற்றி விட்டால் தகடு பின்தங்கி, மூன்று மணிக்கு எட்டு அடிக்கும். பின்பக்கம் விரலால் நெம்பைத் தூக்கி, முள்ளுக்கும் மணிக்கும் ஒத்துவரும்வரை அடிக்கவிட்டால் சரியாகிவிடும்.

ஓட்டமும் இடத்தைப் பொறுத்தது. சமமான தளத்தில் வைத்து, டிக், டாக் இரண்டுக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நொண்டினால் இரண்டு நாளில் நிற்கும். பித்தளைத் தண்டு உள்ள ஊசலுக்கு 10 டிகிரி வெப்பம் கூடினால் நாளைக்கு 8 நொடி பிந்தும். கார்த்திகையில் சரியாகக் காட்டிய கடிகாரம் சித்திரையில் பிந்துகிறது என்றால் அதற்கு நோய் எதுவும் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்குப் பொறுக்க முடியாதது, மிஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டு பேட்டரி மிஷினைப் போடுவது. பெட்டிதானே அழகு, உள்ளே எது இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். மேனிக்கு முதலிடம் என்று பேசுகிற நானும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பேட்டரி மிஷினின் தண்டு பழைய துளைக்கு ஒத்து வராது. டயலைக் குடைவார்கள், எனாமல் உடையும். முள் பொருந்தாது, தகர முள் போடுவார்கள். சாவித் துளைகள் இரண்டும் குருடாக நிற்கும். பிடுங்கிய மிஷின் எடைக்குப் போகும். பழைய பித்தளைக் கடைகளில் ஜாபி தகடுகளைக் கிலோக் கணக்கில் எடுத்திருக்கிறேன், அவற்றின் பெட்டிகள் எங்கே என்று தெரியாமல். அப்படிச் சேர்ந்த மிஷின்களை வேறு பெட்டிக்குள் பொருத்தி முழுக் கடிகாரம் என்று விற்கிறவர்களும் உண்டு. வாங்கப் போகிறவர்கள் சாவித் துளைக்கு நேரே சதுரத்தண்டு நடுவாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குள் பயன்படாத பழைய திருகுத் துளைகள் இருக்கின்றனவா, ஊசல் ஆட மரத்தைப் பின்னால் குடைந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் விலை பேசினால் இன்னொன்றும் உண்டு. 1972ஆம் வருஷத்துச் சட்டம் நூறு வருஷம் கடந்த கைவினைப் பொருளைத் தொல்பொருளாகக் கணக்கில் எடுக்கிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது; தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால்தான் கப்பலில் ஏற்றலாம்.

சென்ற மாதம் பள்ளத்தூரிலிருந்து ஒரு கறுப்புக் கல் கடிகாரம் வந்தது. டயலுக்குப் பின்னால் பேட்டரி மிஷின், அதுவும் நின்றுபோயிருந்தது. கொண்டுவந்தவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர், இளைஞர். புது பேட்டரி மிஷின் போட்டுத் தரச் சொன்னார். தூக்கும்போது உள்ளே ஏதோ நகர்ந்தது. பின்கதவைத் திறந்து கையை விட்டேன். அடித்தளத்தில், பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டிய பொதி ஒன்று இருந்தது. பிரித்தால் அந்தக் கடிகாரத்தின் சொந்த மிஷின்: மார்ட்டியின் முத்திரை, முள் இரண்டும், ஊசல், மிஷினை முன்வளையத்தோடு பிணைக்கும் இரண்டு பித்தளைப் பட்டைகள், அவற்றின் திருகுகள்கூடக் காகிதத்தில் மடித்து. யாரோ ஒருவர், வேறொரு காலத்தில், இதைத் திரும்ப மாட்ட ஆள் வரும் என்று நம்பி வைத்திருக்கிறார். அந்த இளைஞர் தன் தாத்தாவாகத்தான் இருக்கும் என்றார். டயலையும் குடையாமல், உள்பக்கம் அட்டை வைத்து ஒட்டியிருந்ததால் எனாமல் பிழைத்திருந்தது. குண்டின் எண்ணும் தகட்டின் எண்ணும் ஒன்று. மூன்று துளைகளுக்குப் புஷ் அடித்தேன், மணி அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் புது ஸ்பிரிங் போட வேண்டியிருந்தது. கல்லில் சாம்பல் பூத்த மூலை ஒன்று இருக்கிறது. அதை மெழுகோடு விட்டுவிட அவரும் சம்மதித்தார்.